ஐப்பசியில் மணந்த மல்லிகை

மதினிக்கு,

எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமலேயே இதை எழுதத் தொடங்குகிறேன். உங்களிடம் சொல்ல வேண்டிய சேதிகள் சேர்ந்துவிட்டன. அனுப்புவதைப் பற்றி எழுதி முடித்த பிறகு யோசிக்கலாம்.

இன்றைக்கு அய்யாவோடு அன்னவாசல் சந்தைக்குப் போயிருந்தேன். அய்யா மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அத்தர்க்காரர் மரப்பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் சுண்டுவிரல் பருமனில் குப்பிகள் நின்றன. ஒன்றைத் திறந்து, ஈர்க்குச்சியில் சுற்றிய பஞ்சை நனைத்து என் முன்னால் நீட்டினார்.

"மல்லியப்பூ அத்தர் தாயி. மோந்து பாருங்க, வாங்கணும்னு இல்ல."

முன்பென்றால் அய்யாவின் முதுகுக்குப் பின்னால் போயிருப்பேன். இன்று கை நீட்டி வாங்கி மோந்து பார்த்தேன். மல்லிகைதான். ஆனால் உங்களுடையது இல்லை. இது நல்லெண்ணெய் போலக் கனமாக மூக்கில் ஒட்டியது. உங்கள் குப்பியின் மூடியைத் திறந்தால், எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல் முதலில் சுருக்கென்று ஒன்று ஏறும். அது அடங்கிய பிறகுதான் பூ வரும். அதுவும் கொடியில் இருக்கிற பூ இல்லை, தலையில் வைத்து ஒரு பொழுது கழிந்த பூ. அதற்கும் அடியில், வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு வாசம் மெல்ல வரும்.

"இது இல்லீங்க," என்றேன். "ரங்கூன்ல விக்கிற செண்டு ஒண்ணு இருக்கு. அது வேற மாதிரி."

"ரங்கூனுக்கு இப்ப யாரு போறா, யாரு வாரா?" என்று அவர் சிரித்துவிட்டுப் பஞ்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வண்டியில் திரும்பி வந்தோம். வண்டி சித்தன்னவாசல் குன்றைத் தாண்டும்போது அய்யா, "அந்தப் பிள்ளையோட செண்டு மாதிரி இல்ல, என்ன?" என்றார். அவரும் மோந்து பார்த்திருக்கிறார்.

நீங்களும் அண்ணனும் வந்து நின்ற நாளை ஆத்தா இப்போதும் சொல்லி அழுவாள். ரங்கூனில் குண்டு விழுந்த சேதி வந்து, அதன் பிறகு உங்களைப் பற்றி ஒரு சேதியும் வராமல் இருந்த காலம் அது. வாசலில் தாடியும் எலும்புமாக ஒரு ஆள் நின்றதைப் பார்த்துப் பிச்சைக்காரன் என்று நினைத்து, ஆத்தா உள்ளே போய்ச் சோறு எடுத்து வந்தாள். "ஆத்தா, நான்தான்" என்று அண்ணன் சொன்னபோது சோற்றுச் சட்டி கீழே விழுந்தது. நீங்கள் அவனுக்குப் பின்னால், சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். கழுத்தில் தாலிக்கயிறு தவிர ஒன்றும் இல்லை. சிந்திய சோற்றைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினீர்கள். ஒரு பருக்கை விடவில்லை. உங்களை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான்.

நீங்கள் பிறந்ததே ரங்கூனில். அரிசிக் கடையில் வேலைக்குப் போன அண்ணன் அங்கேயே உங்களைக் கட்டிக்கொண்டான் என்பதைக் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டோம். உங்கள் அப்பா முன்பே போய்விட்டார். உங்கள் அம்மா உங்கள் இருவரோடும் மலை வழியாக நடந்து வந்து, பாதி வழியில் வாந்திபேதியில் போய்விட்டார். ஆக, இந்த நாட்டில் உங்களுக்கு அம்மா வீடு என்று ஒன்று இல்லை. எங்கள் வீட்டை விட்டால் போக இடமும் இல்லை.

அண்ணன் ஆவணி பிறக்கும் முன்பே பட்டாளத்தில் ரோடு போடுகிற வேலைக்குச் சேர்ந்து போய்விட்டான். நீங்கள் எந்த மலையைத் தாண்டி வந்தீர்களோ, அதே மலைப்பக்கம் அவனை அனுப்பினார்கள். அதன் பிறகு நீங்களும் நானும் ஒரே அறையில் படுத்தோம். உங்களுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினைந்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். நீங்கள் என்னைப் பேச வைக்கவெல்லாம் முயலவில்லை. நீங்கள் பேசினீர்கள், நான் கேட்டேன். ரங்கூன் டிராம், ஆற்றில் கப்பல் ஊதுகிற சத்தம், தெருவில் விற்கிற அத்தோ. ஒருநாள் இடியாப்பத்தைப் பிழிந்து, பச்சை வெங்காயமும் புளித்தண்ணீரும் பொரித்த பூண்டும் பொட்டுக்கடலை மாவும் போட்டுப் பிசைந்து, "இதுதான் அத்தோன்னு வச்சுக்க" என்று கொடுத்தீர்கள். "இடியாப்பத்தை இப்படியுமா கெடுப்பாங்க" என்று ஆத்தா சொன்னாள். மறுவாரம் அய்யா என்னிடம் தனியாக வந்து, "அந்தப் பிள்ளை அன்னைக்குப் பண்ணுச்சே, அது இன்னொரு தடவ பண்ணுமான்னு கேளு" என்றார்.

ஒரு சாயங்காலம் கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். உங்களுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. கையிலிருந்த கடலை எல்லாம் சிதறியது. நான் எழுந்து ஆத்தாவைக் கூப்பிடப் போனேன். நீங்கள் என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தீர்கள். பிறகு மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தீர்கள். கட்டைவிரல் உயரம், வரி வரியாகப் பள்ளம் விட்ட கண்ணாடி, மூடியும் கண்ணாடி. ஒட்டியிருந்த காகிதம் தேய்ந்து போயிருந்தது. மூடியைத் திருகி, அதன் நுனியை முந்தானையில் ஒரு தரம் ஒற்றி, முந்தானையை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

நடுக்கம் நின்று சூடு ஏறி, அதுவும் தணிந்து வேர்த்துக் கொட்டிய பிறகுதான் சொன்னீர்கள். அது உங்கள் அம்மா கல்யாணத்தின்போது உங்கள் அப்பா ரங்கூன் முகல் தெருவில் வாங்கிக் கொடுத்தது. "இது எனக்கு மூத்தது, அக்கா மாதிரி" என்றீர்கள். விசேஷத்துக்கு ஒரு சொட்டு என்று உங்கள் அம்மா அத்தனை வருஷம் வைத்திருந்தார். புரோம் வரை ரயில், அதற்கு அப்பால் மலையில் நடை. வழி நெடுகப் பிணம். உங்களால் ஒரு கட்டத்துக்கு மேல் கால் எடுத்து வைக்க முடியவில்லை. அம்மா தன் முந்தானையைக் கிழித்து, அதில் ஒரு சொட்டு விட்டு, உங்கள் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டி, "கல்யாண வீட்டுக்குப் போறோம்னு நெனச்சுக்கிட்டு நட" என்றாராம். அவர் விழுந்த இடத்தில் குப்பியை உங்கள் மடியில் முடிந்துவிட்டாராம்.

"காய்ச்சல் வந்தா அந்த வழியோட நாத்தம் வந்துருது செல்லி. மத்த நேரம் வராது. இதை மோந்தா போயிரும்."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றீர்கள். சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபமாக வருகிற காரியம்.

நீங்கள் வந்தது வைகாசி. அப்போது உங்கள் முந்தானை மணந்ததை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் தெருவில் பாதி வேலிகளில் மல்லிகை பூத்துக் கிடந்தது. ஆவணி, புரட்டாசி வரையிலும் ஏதோ ஒரு கொடியில் நாலு பூ இருந்தது. ஐப்பசி வந்தது. அடைமழை. எந்தக் கொடியிலும் ஒரு மொட்டு இல்லை. அப்போது எங்கள் வீட்டிலிருந்து மல்லிகை வாசம் வந்தது.

பூவில்லாத காலத்தில் மல்லிகை மணந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கண்மாய்க்கரைப் புளியமரத்தில் ஒரு மோகினி இருக்கிறாள் என்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்வார்கள். தலையில் பூவோடு செத்துப்போன பெண்ணாம். அவள் வருவதற்கு முன்னால் பூ வாசம் வருமாம். உங்களுக்கோ வாசம் வந்த கையோடு உடம்பு தூக்கிப் போடும், பல் கிட்டும், கண் மேலே செருகும். பொழுது சாயும் நேரமாகப் பார்த்து வரும். நடுக்கம் வந்ததால் செண்டை எடுக்கிறீர்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வாசம் வந்ததால் நடுக்கம் வருகிறது.

முதலில் கண்டுபிடித்தது எதிர்வீட்டு அயித்தை. அய்யாவுக்கு அக்கா, எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவளுக்குத் தெரியாமல் நடக்காது. வாசற்படியில் நின்று மூக்கை இழுத்தாள்.

"ஏண்டி, ஒங்க வீட்டுல ஏது பூ?"

"பூ ஏது இந்த மழையில?" என்றாள் ஆத்தா.

"அதத்தான் நானும் கேக்குறேன். ஒம் மருமக எங்கிட்டு இருக்கா?"

அறைக்குள் நீங்கள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். அயித்தை பார்த்தாள், திரும்பினாள், போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து எங்கள் வாசல் நிலையில் செருகினாள்.

பேயோட்டுகிற கோடாங்கியைக் கூப்பிடுவது என்று முடிவானதும், குப்பியைக் காட்டிவிடலாம் என்று உங்களிடம் கெஞ்சினேன். நீங்கள் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பேய்னா மூணு வெள்ளிக்கிழமையில முடிஞ்சிரும் செல்லி. செண்டுன்னா ஆயுசுக்கும் முடியாது."

எனக்குப் புரிந்தது. புருஷன் பட்டாளத்தில் இருக்கும்போது மருமகள் செண்டு பூசுகிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அது உங்களுக்கு முன்னால் கிணற்றடிக்குப் போய் நிற்கும், அண்ணன் திரும்பி வந்தாலும் அடங்காது. போவதற்கு அம்மா வீடு இல்லாதவள் அந்தப் பேச்சோடு எங்கே இருப்பாள்? ஆனால் பேய்க்கு வைத்தியம் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். மூன்று வெள்ளிக்கிழமையும் முதல்நாளிலிருந்து சோறு தண்ணீர் கிடையாது. ஈரத்துணியோடு உட்காரவைத்துச் சாட்டையால் அடிப்பார்கள். கடைசியில் உச்சிமுடியைப் பிடுங்கி ஆணியில் சுற்றிப் புளியமரத்தில் அறைவார்கள். நல்ல உடம்புக்காரியே அதில் கிழிந்த நாராகிவிடுவாள். நீங்கள் அப்போது குடத்தை இடுப்பில் வைக்கவே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். முதல் வெள்ளியைத் தாண்ட மாட்டீர்கள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் மழை விட்டிருந்தது. கோடாங்கி பக்கத்து ஊர்க்காரர், எங்கள் மாட்டுக்குக் கண்ணேறு கழித்துவிட்டு மோர் குடித்துப் போகிற மனிதர். அன்று முகத்தைக் கடுமையாக வைத்திருந்தார். முற்றத்தில் வேப்பங்கொத்து, செம்பில் தண்ணீர், சாட்டை, ஒரு நீள ஆணி. தெருவே வேலியோரம் வந்து நின்றது. உங்களைக் கிணற்றில் குளிக்கவைத்து ஈரத்தோடு நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

கோடாங்கி உடுக்கையை அடித்து, "யாரு நீ? எங்கிட்டு இருந்து வந்த?" என்றார்.

நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"புளியமரத்தவளா? பேசு."

"பேசச் சொல்லுங்க," என்றாள் அயித்தை. "வீடு பூரா வாசங் காட்டத் தெரியுதுல்ல, வாயத் தொறக்க என்ன நோவு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உடுக்கை அடித்தார். பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இது நம்ம ஊரு மோகினி இல்ல. இவ வந்த வழியில செத்தவ. மலையில, அடக்கம் பண்ணாமப் போட்டுட்டு வந்த ஒரு பொம்பளை. இவ மேல ஏறிக்கிட்டே ஊரு வந்து சேந்திருக்கா. அடிச்சாத்தான் எறங்குவா."

உங்கள் அம்மா போன விதம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. அண்ணன் ஆத்தாவிடம் சொன்னான், ஆத்தா அயித்தையிடம் சொன்னாள், அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோடாங்கி காதிலும் விழுந்திருக்கும்.

அதுவரை அசையாமல் இருந்த நீங்கள் தலையைத் தூக்கினீர்கள். "எங்க அம்மாவையா அடிக்கப் போறீங்க?" என்றீர்கள். சத்தமாகச் சொல்லவில்லை. உங்களை அடிப்பதற்கு நீங்கள் சம்மதித்துத்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மாவை அடிப்பதற்குச் சம்மதிக்கவில்லை.

அவர் சாட்டையை எடுத்தார்.

நான் உள்ளே போய் நெல்லுக் குலுக்கைக்குப் பின்னால் நீங்கள் ஒளித்துவைத்த குப்பியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். அத்தனை பேர் முன்னால் நான் நடந்தது அதுதான் முதல் தடவை. குப்பியை உங்களுக்குக் காட்டினேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. தீர்ந்தால் திரும்ப வாங்குவதற்கு அந்தக் கடை இல்லை, வாங்கிக் கொடுத்தவரும் இல்லை, வைத்திருந்தவரும் இல்லை. நீங்கள் குப்பியைப் பார்த்தீர்கள், என் முகத்தைப் பார்த்தீர்கள், பிறகு தலையை அசைத்தீர்கள். அந்தத் தலையசைப்பு இல்லாமல் நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன்.

மூடியைத் திறந்து எல்லாவற்றையும் செம்பில் கவிழ்த்தேன். தண்ணீர் பால் விட்டதுபோல் வெளுத்தது. வேப்பங்கொத்தை அதில் முக்கி, கல்யாண வாசலில் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்பார்களே, அப்படித் தெளித்தேன். முதலில் கோடாங்கி மேல். அப்புறம் அயித்தை மேல், ஆத்தா மேல், அய்யா மேல். வேலியோரம் நின்றவர்கள் ஒதுங்குவதற்குள் அவர்கள் மேலும். கடைசியில் உங்கள் மேல்.

முற்றம் பூராவும் மல்லிகை. வேலிக்கு வெளியே யாரோ தும்மினார்கள்.

"இப்ப எல்லாரு மேலயும் வாசம் வருது," என்றேன். "யாருக்கு முதல்ல சாட்டை?"

கோடாங்கி தன் மணிக்கட்டை மோந்தார். அயித்தைக்குத்தான் முதலில் விளங்கியது. அவளுக்குத்தான் எதுவும் முதலில் விளங்கும்.

"அடி இவளே, செண்டாடி அது? புருசன் பட்டாளத்துல கெடக்கான், இவ யாருக்குடி செண்டு பூசுறா?"

நீங்கள் பயந்த கேள்வி வந்துவிட்டது. அதற்கு மேல் எனக்குப் பின்னால் போக இடமில்லை.

"பூசலை அயித்தை, மோந்தாங்க. காச்சல் வந்தா அந்த மலை வழி நாத்தம் வருதாம் அவங்களுக்கு. வழியெல்லாம் செத்துக் கெடந்தாங்களாம். அவங்க அம்மாதான் தன் முந்தானையக் கிழிச்சு, இதுல ஒரு சொட்டு விட்டு மூக்கைக் கட்டி, நம்ம வீட்டுக்கு நடத்திக் கூட்டிட்டு வந்தாங்க. கொண்டாந்து விடணும்னு வந்தவங்க பாதி வழியில போயிட்டாங்க. இது மோகினி இல்ல அயித்தை. நம்ம வீட்டுக்கு வந்து சேராத சம்பந்தியம்மா."

ஆத்தா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஈரக் கையை முகத்தில் வைத்துக்கொண்டாள். எடுக்கவே இல்லை.

அய்யா உங்களிடம் நேராகப் பேசியது அன்றுதான் முதல் தடவை.

"என்ன காச்சல் தாயி?"

"குளிர் காய்ச்சல் மாமா. சிட்டகாங் முகாம்லயே வந்துச்சு. கசப்பு மாத்திரை குடுத்தாங்க, நின்னுச்சு."

"இத ஏந்தாயி சொல்லலை?"

"காய்ச்சலான்னு யாரும் கேக்கலை மாமா. யாரு நீன்னுதான் கேட்டாங்க."

அய்யா மாட்டை அவிழ்க்கத் தொழுவத்துக்குப் போனார். கோடாங்கி உடுக்கையைத் துணியில் சுற்றினார். போகும்போது அய்யாவிடம், "காச்சல எறக்க எனக்குத் தெரியாது அண்ணே, டவுனுக்குக் கொண்டு போயிருங்க. எங் கவலை வேற. இந்த வாசத்தோட வீட்டுக்குப் போனா எம் பொஞ்சாதி எனக்கு உடுக்கை அடிப்பா" என்றார். வேலியோரம் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் செண்டைப் பற்றிய பேச்சு கரைந்துபோனது. ஒரு தெருவே அதே வாசத்தோடு வீட்டுக்குப் போகிறபோது யார் யாரைப் பார்த்துப் பேசுவது?

நாம் ஏறுவதற்கு முன்னால் அயித்தை வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "நானும் வாரேன். ஆஸ்பத்திரியில எடுத்துப் பேச ஒரு ஆளு வேணும்ல" என்றாள். புதுக்கோட்டை போய்ச் சேருகிறவரை உங்கள் காலை அவள் மடியில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே வந்தாள். மன்னிப்பு என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஆனால் டாக்டர் அம்மா உங்கள் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, "ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?" என்று கேட்டபோது, "எங்க புத்திதான்" என்று முதலில் சொன்னது அயித்தைதான்.

மருந்துக்கெல்லாம் தட்டுப்பாடு, சண்டைக்குப் போகிறது என்றார்கள். இருந்தும் கொடுத்தார்கள். காதை இரையவைக்கிற அந்தக் கசப்பு மாத்திரையைத் தின்றுவிட்டு, "காதுக்குள்ள ரங்கூன் டிராம் ஓடுது செல்லி" என்று சிரித்தீர்கள். தை பிறக்கும்போது குடத்தை ஒற்றைக் கையில் தூக்கினீர்கள். பங்குனியில் அண்ணன் விடுமுறையில் வந்தான். அய்யா எல்லோர் முன்னாலும் அத்தோ கேட்டார். கொடிகள் மறுபடி பூத்தபோது அயித்தை தினமும் ஒரு முழம் தொடுத்து வந்து, கேட்காமலேயே உங்கள் தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

குப்பி காலியானதில் வருத்தமா என்று ஒருநாள் கேட்டேன். "அம்மா இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் போயிட்டு வந்துட்டாங்க. அதுக்கு மேல என்ன?" என்றீர்கள். காய்ச்சல் இல்லாததால் அந்த நாற்றமும் வரவில்லை என்றீர்கள்.

அடுத்த மழையில் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை யாரும் வேப்பிலை ஒடிக்கவில்லை. முதல் நடுக்கத்திலேயே அய்யா வண்டியைக் கட்டினார். ஆனால் சிறுநீர் கறுத்துப் போயிற்று. டாக்டர் அம்மா தலையை ஆட்டினார். என்னால் இதை நீட்டி எழுத முடியாது மதினி. ஒன்றே ஒன்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், வெள்ளை விரிப்பில், தலைமாட்டில் உங்கள் பெயர் எழுதிய அட்டை தொங்க, ஒரு பக்கம் ஆத்தாவும் ஒரு பக்கம் அயித்தையும் உட்கார்ந்திருக்க, காய்ச்சலில் போனீர்கள். காய்ச்சல் என்று எல்லோருக்கும் தெரிந்து போனீர்கள். மல்லிகை இல்லாத காலம், உங்களுக்குச் செவ்வந்திதான் கிடைத்தது. அயித்தை டவுன் பூராவும் அலைந்து வாங்கி வந்து வைத்தாள். பூவோடு போகிறவள் மோகினியாவாள் என்று சொல்கிற ஊர் இது. உங்களைப் பற்றி இன்று வரை ஒரு வாய் அப்படிச் சொல்லவில்லை.

இனி, சொல்ல வேண்டும் என்று ஆரம்பத்தில் எழுதினேனே, அந்தச் சேதி.

போன வாரம் கீழத்தெருவில் ஒரு மருமகளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கீரனூர்ப் பக்கத்திலிருந்து கட்டி வந்த பெண், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கண்மாயில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டு நானாகப் போனேன். வாசலில் அவள் மாமியார் மறித்தாள்.

"நீ எதுக்குத்தா வந்த? சின்னப் பிள்ளைக இருக்கிற எடமில்ல இது."

"அவங்க நெத்தியத் தொட்டுப் பாத்தீங்களா?" என்றேன்.

"பேய் புடிச்சவ நெத்திய யாரு தொடுவா?"

"நான் தொடுறேன்."

அவளைத் தாண்டி உள்ளே போனேன். மருமகள் சாக்கு விரித்துக் கிடந்தாள். நெற்றியில் கை வைத்தேன். அடுப்புக்கல் மாதிரி இருந்தது. மாமியாரின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தேன். அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே அழுத்தி வைத்தாள். பிறகு கழுத்தைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள்.

"ஆத்தே, கொதிக்குதே," என்றாள்.

"எங்க மதினிக்கு வந்தது இதுதான். வண்டியக் கட்டச் சொல்லுங்க. நானும் கூட வாரேன்."

கட்டினார்கள். வண்டியில் அந்தப் பெண் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். சாலைப் பள்ளங்களில் வண்டி ஆடும்போதெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"எனக்குப் பேயி இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல. காச்சல்."

"நெசமாவா?"

"நெசமா. மருந்து இருக்கு."

அவள் கண்ணை மூடித் தூங்கிப்போனாள். முதல்நாள் ராத்திரியிலிருந்து தூங்கவே இல்லையாம். டவுன் வரும்வரை நான் கையை நெற்றியிலிருந்து எடுக்கவில்லை.

உங்கள்
செல்லி